தொழிலுக்குத் துணைத்தொழில்



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் துணைத்தொழில் என்பது. பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கின்ற எங்களுக்குத் தொழிலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணலாம். உங்களில் பலருடைய வீடுகளில் ஏதேனும் ஒரு தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உழவு, நெசவு, மளிகைக்கடை, தையல், தச்சு, அச்சகம், சிற்றுண்டிச்சாலை என்று அது எதுவாகவும் இருக்கலாம். அவ்வீடுகளில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு, "இந்த வருமானம் போதவில்லையே, இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் செய்தால் என்ன?" என்ற பேச்சு அடிக்கடி எழும். அப்பேச்சின் முடிவு உங்கள் கல்விச் செலவைத் தொடுகிறது; உங்கள் மாலைப்பொழுதைத் தொடுகிறது; சிற்சில வீடுகளில் உங்கள் படிப்பையே தொட்டுவிடுகிறது. ஆகையால் அப்பேச்சு நடக்கும்போது நீங்கள் ஒன்றும் அறியாதவர்போல் அமர்ந்திருத்தல் ஆகாது.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவர் இரண்டு தொழில்களைச் செய்கிறார் என்பதனாலேயே இரண்டாவது தொழில் துணைத்தொழில் ஆகிவிடாது. கொடிக்குக் கொழுகொம்பு துணை. அதே பந்தலில் ஏறிப் படர்ந்து வெயிலை மறைத்துக்கொள்ளும் மற்றொரு கொடியோ துணையன்று, போட்டி. முதல் தொழிலிடமிருந்து ஒன்றைப் பெற்று, அதற்கு ஒன்றைத் திருப்பித் தருவது எதுவோ அதுவே துணைத்தொழில். பெறுவதை மட்டும் செய்து, தருவதை மறந்துவிட்டால், பெயர் எதுவாக இருந்தாலும் அது சுமையே.

அப்படியானால் முதல் தொழிலிடமிருந்து பெறுவதற்கு என்ன இருக்கிறது? நான்கு இருக்கின்றன. மிஞ்சிய பொருள், ஓய்ந்த காலம், கைவந்த அறிவு, பழகிய வாடிக்கையாளர். இந்நான்கில் ஒன்றேனும் இல்லாமல் நல்ல துணைத்தொழில் பிறப்பதில்லை.

மிஞ்சிய பொருளுக்குத் தென்னை ஒரு நல்ல சான்று. தேங்காயை உரித்தால் மட்டை மிஞ்சுகிறது. மட்டையிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரிப்பது நம் கடற்கரை ஊர்களுக்குப் பழைய தொழில். நார் எடுத்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது, அது நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு காலத்தில் அந்தத் தூள் மலைபோல் குவிந்து, எவருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்தது. அது தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கக் கூடியது என்பதை அறிந்த பிறகு, அதனைக் கழுவி, உலர்த்தி, செங்கல்போல் அழுத்திக் கட்டிகளாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினர். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வளர்க்கிறார்கள். குப்பை என்று எண்ணியிருந்தது சரக்காகிவிட்டது.

ஓய்ந்த காலத்துக்கு உழவே சான்று. நடவும் அறுப்பும் கைகளைக் கெஞ்சி அழைக்கும் நாட்கள். இடைப்பட்ட நாட்களில் கைகள் வேலையைத் தேடும். அந்த இடைவெளியில்தான் பாய் முடைவதும், கூடை பின்னுவதும், கயிறு திரிப்பதும் நம் சிற்றூர்களில் வளர்ந்தன. அறுப்பு நாளில் பாய் முடைய வேண்டும் என்று எவரும் அடம் பிடிப்பதில்லை. பாய் காத்திருக்கும், முற்றிய கதிர் காத்திராது. துணைத்தொழிலின் நல்லிலக்கணம் இந்தக் காத்திருத்தலில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவதாகச் சொன்ன கைவந்த அறிவைப் பற்றிப் பேச வேண்டுமானால், நாம் சிவகாசிக்குப் போக வேண்டும்.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை குறைவு, வெயில் மிகுதி. உழவை மட்டும் நம்பி அவ்வூரார் வாழ்வது அரிதாயிற்று. 1922-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் அங்கிருந்து கல்கத்தாவுக்குச் சென்றனர். தீப்பெட்டி செய்யும் முறையை அங்கே கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி, அத்தொழிலைத் தொடங்கினர். உழவனுக்குப் பகையாக இருந்த வெயில் இத்தொழிலுக்கு நட்பாயிற்று. மருந்து தோய்த்த குச்சிகள் விரைவில் உலர்ந்தன.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசியிருக்கிறது. இவ்விரண்டும் உராயும்போது தீப்பற்றுகிறது. இத்தகைய மருந்துகளை எங்கிருந்து வாங்குவது, எந்த அளவில் கலப்பது, எப்படி உலர்த்துவது என்னும் அறிவு அவ்வூர்க் கைகளில் படிந்தது. அந்த அறிவே பட்டாசுத் தொழிலுக்கு வித்தாயிற்று. பட்டாசுக்கு வேண்டிய மருந்துகள் சில வேறானவை. ஆயினும் மருந்தோடு பழகிய கைகளுக்கு அவை முற்றிலும் அயலானவை அல்ல.

இனி அச்சுத்தொழிலைப் பாருங்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்டுவதற்குப் படச்சீட்டு வேண்டும். மயில், யானை, விளக்கு என்று அதில் ஒரு படம் இருக்கும். எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்தே பெட்டியைக் கேட்டு வாங்குவர். ஆகவே அச்சீட்டு பல வண்ணத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். அதனை வெளியூரில் அச்சடித்து வரவழைத்துக்கொண்டிருப்பதைவிட, அச்சுப்பொறியையே ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கருதினர். முதலில் கல்லச்சு வந்தது. பின்னர் ஆப்செட் அச்சு வந்தது. வந்த அச்சுப்பொறி சீட்டு அடித்த நேரம் போக, மற்ற நேரத்தில் சும்மா நிற்கலாமா? நாட்காட்டி அடித்தார்கள், நாட்குறிப்பு அடித்தார்கள், நோட்டுப்புத்தகங்கள் செய்தார்கள். பட்டாசின் விற்பனை தீபாவளியோடு முடிகிறது; நாட்காட்டியின் விற்பனை புத்தாண்டை ஒட்டி உச்சத்தை அடைகிறது. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்குரிய நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது அவ்வூர் அச்சகத்தாரின் வழக்கம்.

தீப்பெட்டிக்கு ஏவல் செய்ய வந்த அச்சு, காலப்போக்கில் தீப்பெட்டிக்கு நிகரான தனித்தொழிலாக வளர்ந்துவிட்டது. துணையாக வந்தது தலைமை தாங்கவும் கூடும் என்பதற்கு இதனைக் காட்டிலும் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

நான்காவது, பழகிய வாடிக்கையாளர். இதற்குப் பிரான்சு நாட்டிலிருந்து ஒரு செய்தி சொல்கிறேன். மிஷெலின் என்னும் பெயருடைய உடன்பிறந்தார் இருவர் 1889-ஆம் ஆண்டு கிளேர்மோன் பெரான் என்னும் நகரில் இரப்பர்ச் சக்கர உறை, அதாவது டயர், செய்யும் நிறுவனத்தை நிறுவினர். 1900-ஆம் ஆண்டில் பிரான்சு நாடு முழுவதிலும் இருந்த மோட்டார் வண்டிகள் 3,000-க்கும் குறைவு. வண்டி ஓடினால் அல்லவா டயர் தேயும்? டயர் தேய்ந்தால் அல்லவா புதியது வாங்குவார்கள்? ஆகவே அவர்கள் ஒரு கையேட்டை அச்சிட்டனர். எந்த ஊரில் எரிபொருள் கிடைக்கும், எங்கே தங்கலாம், பழுதுற்ற டயரை எப்படி மாற்றுவது என்னும் விவரங்கள் அதில் இருந்தன. 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினர். கையேட்டை வைத்திருந்தவர்கள் துணிந்து நெடுந்தொலைவு பயணம் செய்தனர். 1920-இலிருந்து அக்கையேட்டுக்கு விலை வைத்தனர். இன்று உலகெங்கும் உணவு விடுதிக்காரர்கள் அக்கையேடு தரும் நட்சத்திரத்துக்காக ஏங்குகிறார்கள். டயர் விற்பவர், சாப்பாட்டின் தரம் கூறும் நூலை வெளியிடுவது மேற்போக்காகப் பார்த்தால் பொருத்தமற்றதாகத் தோன்றும். இரண்டுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே என்பதை நினைத்தால் பொருத்தம் விளங்கும்.

ஆனால் வாடிக்கையாளர் ஒருவரே என்பது மட்டும் போதுமா? போதாது. நான் ஆசிரியராகப் பணியாற்றிய ஓர் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவரை அறிவேன். நாணயமானவர். கடைக்கு நாள்தோறும் வருகிறவர்களை வைத்தே ஏலச்சீட்டு ஒன்று தொடங்கினார். பதிவு பெறாமல் சீட்டு நடத்துவது சட்டத்துக்கு மாறானது என்பதை இப்போதைக்கு ஒருபுறம் வைத்துவிட்டு, தொழில்முறையை மட்டும் பாருங்கள். சீட்டெடுத்தவர் இருவர் தவணை கட்டவில்லை. பெயர் கெடக்கூடாது என்று கடை முதலிலிருந்து எடுத்து இவர் கட்டினார். கடையில் சரக்குக் குறைந்தது. அதைவிடப் பெரிய கேடு வேறொன்று. தவணை பாக்கி வைத்திருந்தவர்கள் கடைக்காரர் முகத்தில் விழிக்கக் கூசினர். அரைக் கிலோ பருப்பு வாங்குவதற்கும் அடுத்த தெருக் கடைக்குப் போயினர். எந்த வாடிக்கையாளரை நம்பித் துணைத்தொழில் தொடங்கினாரோ, அந்த வாடிக்கையாளரையே அத்துணைத்தொழில் துரத்திவிட்டது. மிஷெலின் கையேடு வாடிக்கையாளரை டயர்க் கடையை நோக்கி அனுப்பியது. இச்சீட்டு வாடிக்கையாளரைக் கடையிலிருந்து அப்பால் அனுப்பியது.

இனி, கணக்குக்கு வருவோம். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறார். எண்ணெய் போக, பிண்ணாக்கு மிஞ்சுகிறது. அதனைப் போட்டு ஒரு கறவை மாடு வளர்க்கிறார். இதைவிடப் பொருத்தமான துணைத்தொழில் உண்டோ என்று தோன்றும். நான் கூறும் எண்கள் கணக்குக்காகக் கொண்ட எண்களே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

மாடு நாளொன்றுக்கு 8 லிட்டர் பால் தருகிறது. லிட்டர் 35 ரூபாய் வீதம் வரவு 280 ரூபாய். வைக்கோல், பசுந்தீவனம், மருத்துவம் ஆகியவற்றுக்குக் கையிலிருந்து கொடுப்பது 100 ரூபாய். மிச்சம் 180 ரூபாய் என்று அவர் மகிழ்கிறார். ஆண்டில் 300 நாள் கறந்தால் 54,000 ரூபாய் இலாபம் என்று தம் நண்பர்களிடமும் சொல்லிக்கொள்கிறார்.

அவர் கணக்கில் பிண்ணாக்கு ஏறவில்லை. "அது வீட்டுப் பிண்ணாக்குத்தானே, காசு கொடுத்து வாங்கவில்லையே" என்பார். ஆனால் மாடு இல்லையென்றால் அப்பிண்ணாக்கை அவர் விற்றிருப்பார். நாளொன்றுக்கு 2 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 100 ரூபாய். அது மாட்டின் செலவு. மாட்டைக் குளிப்பாட்டி, தொழுவத்தைக் கூட்டி, பால் கறக்கும் வீட்டாரின் உழைப்புக்கு 50 ரூபாய் போடுங்கள். இப்போது நாளொன்றுக்கு மிச்சம் 30 ரூபாய்தான். 300 நாளுக்கு 9,000 ரூபாய்.

கணக்கு இன்னும் முடியவில்லை. கன்று ஈனுவதற்கு முன் ஏறத்தாழ 60 நாள் மாட்டைக் கறப்பதில்லை. கறவை நின்றாலும் வயிறு நிற்பதில்லை. பிண்ணாக்கைக் குறைத்துப் போட்டாலும் நாளொன்றுக்கு 150 ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். 60 நாளுக்கு 9,000 ரூபாய். மிச்சமென்று நினைத்த 9,000 ரூபாய் அப்படியே கரைந்துவிட்டது. 54,000 என்று மார்தட்டிய இடத்தில் சுழியம் வந்து நிற்கிறது.

இதனால் மாடு வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டாரின் உழைப்புக்குக் கூலி கிடைத்திருக்கிறது. பிண்ணாக்குச் சந்தைக்குப் போகாமலே வாசலில் விலையாகியிருக்கிறது. கன்று ஒன்று வந்திருக்கிறது, எருவும் இருக்கிறது. நான் வற்புறுத்துவது இதுதான்: துணைத்தொழிலுக்குத் தனிக்கணக்கு எழுத வேண்டும். முதல் தொழில் கொடுக்கும் பொருளுக்கெல்லாம் அதில் விலை போட வேண்டும். அப்படி எழுதினால்தான், பிண்ணாக்கு விலை ஏறும் காலத்தில் மாட்டை வைத்துக்கொள்வதா, பிண்ணாக்கை விற்பதா என்பது தெரியும். இரண்டு தொழிலையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் செலவிடுகிறவருக்கு, எது எதைத் தாங்குகிறது என்பது ஒருநாளும் தெரியாது. செக்கு மாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். அவரோ மாடு செக்கைத் தாங்குவதாக எண்ணிக்கொண்டிருப்பார்.

மாணவர்களே, ஒரு துணைத்தொழிலை எடைபோட நான்கு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. முதல் தொழிலின் மிஞ்சிய பொருள், ஓய்ந்த காலம், கைவந்த அறிவு, பழகிய வாடிக்கையாளர் ஆகியவற்றுள் எதனை இது பயன்படுத்துகிறது? முதல் தொழில் நெருக்கடியில் இருக்கும் நாளில் இது பொறுத்திருக்குமா, அல்லது அதே நாளில் தானும் கை நீட்டுமா? இது நொடித்துப்போனால் முதல் தொழிலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுமா? நான்காவது கேள்வியே எனக்கு முக்கியமானது. இதில் யாருடைய உழைப்பு கணக்கில் ஏறாமல் இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் அந்தக் கணக்கில் ஏறாத உழைப்பு பெண்களுடையது. அதற்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளுடையது. "சும்மாதானே இருக்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டுமே" என்னும் ஒரு சொல்லில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நின்றுபோயிருக்கிறது. சிவகாசியின் சிறப்பைச் சொன்ன நான், அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும் பள்ளி செல்ல வேண்டிய சிறுவர் சிறுமியர் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டனர். தீப்பெட்டி, பட்டாசு ஆகியவை செய்வதில் 14 வயது நிரம்பாதவரை ஈடுபடுத்தலாகாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பட்டாசுத் தொழிலில் விபத்துகளும் பல நேர்ந்திருக்கின்றன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த ஒரே விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மருந்தோடு பழகிய கை என்று முன்னர்ச் சொன்னேன்; பழக்கம் எச்சரிக்கையை மழுங்கச் செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்தலாகாது என்பது பொது விதி. ஆயினும் ஆபத்தில்லாத குடும்பத்தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், தம் வீட்டாருக்குப் பிள்ளைகள் உதவலாம் என்று அதில் ஒரு விலக்கு உண்டு. இவ்விலக்கை இரு பக்கமும் உணர்ந்து நடக்க வேண்டும். தந்தையின் கடையில் மாலையில் ஒரு மணி நேரம் நின்று சில்லறை எண்ணிக் கொடுக்கும் பிள்ளை, கணக்கையும் மனிதரையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. அந்த ஒரு மணி மூன்று மணியாகி, வீட்டுப்பாடம் விடுபட்டு, காலையில் வகுப்பில் கண் சொருகுமானால், அவ்வீட்டின் துணைத்தொழிலுக்கு முதல் போட்டவர் தந்தையல்லர்; அந்தப் பிள்ளையே. தான் போட்ட அந்த முதலைப் பின்னர் எவராலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே உங்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்கிறேன். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ நடக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாள்தோறும் எது மிஞ்சுகிறது, எந்த மாதங்களில் கை ஓய்கிறது, அதைச் செய்கிறவருக்கு வேறு என்ன தெரிந்திருக்கிறது, அவரிடம் வருகிறவர்கள் வேறு எதைத் தேடி வேறிடம் போகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்து எழுதுங்கள். தந்தையையும் தாயையும் பணிவோடு கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடைகள் பாடநூலில் இல்லாதவை. பிறகு அந்நான்கு கேள்விகளையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒருவேளை நல்லதொரு துணைத்தொழில் உங்கள் கண்ணில் படலாம். ஒருவேளை, இருக்கின்ற ஒரு தொழிலையே இன்னும் செம்மையாகச் செய்வதுதான் நல்லது என்ற முடிவுக்கு வரலாம். பின்னதும் குறைவான கண்டுபிடிப்பு அன்று. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்பதைவிட, இரண்டு காலையும் ஒரே கரையில் ஊன்றி நிற்பது சில வீடுகளுக்கு நலமாக அமையும்.

எதுவாயினும், எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பேச்சு மறுபடியும் எழும்போது, உங்கள் குறிப்பேட்டைப் பெரியவர்கள் முன் விரித்து வையுங்கள். படித்த பிள்ளையால் வீட்டுக்குக் கிடைக்கும் முதல் ஊதியம் அதுவாக இருக்கட்டும்.